விளிம்புக்கட்டை வீரர்

பொந்தடைப்பார் என்று ஒரு மனித ரகம் உண்டு. குளிர்தேசத்து டுலூத் நகரின் மலைச்சரிவில், ஏரியைப் பார்த்தபடி நூறு வருஷத்துக்கு முன்பு கட்டிய மரவீடுகள் நிற்கும் தெருக்களில், இந்த ரகம் வீட்டுக்கு ஒன்று வீதம் விளைகிறது. அறுபதைத் தாண்டிய ஆண்களிடம் அதிகம். முழங்காலில் தூசி இருக்கும், புருவத்தில் மஞ்சள் நுரை காய்ந்து ஒட்டியிருக்கும், சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஊதுபத்தி இருக்கும். நீங்கள் ஒரு வீட்டுக்குள் காலெடுத்து வைக்கிறீர்கள், "வாங்க" என்பதற்குப் பதில் உள்ளேயிருந்து "கதவு!" என்று ஒரு குரல் வருகிறதா? சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.

மற்றவர்கள் பிறர் வீட்டுக்குப் போனால் குழந்தையைக் கொஞ்சுவார்கள், சுவரில் மாட்டிய கல்யாணப் படத்தைப் பார்த்து "அடேயப்பா, அப்ப எவ்வளவு ஒல்லி!" என்பார்கள். இவர் புறங்கையை நாக்கால் ஈரமாக்கிக்கொண்டு போய்ப் பிளக் பாயின்ட்டுக்கு முன்னால் நீட்டி, குளிர்காற்று வருகிறதா என்று பார்ப்பார். தேவாலயத்து நிலவறையில் இரங்கல் சாப்பாடு நடக்கும். எல்லோரும் இறந்தவரின் நல்ல குணங்களைத் தேடித் தேடிப் பேசிக்கொண்டிருக்க, இவர் மட்டும் அண்ணாந்து சுவரின் மேல்விளிம்பைப் பார்த்துக்கொண்டு நிற்பார். துக்கம் தாங்காமல் வானத்தைப் பார்க்கிறார் போலும் என்று நினைத்துப் பாஸ்டர் அவர் தோளில் கை வைத்தால், "பாஸ்டர், அந்த விளிம்புக்கட்டை பூரா சும்மா தெறந்து கெடக்கு. செத்துப்போன மனுஷன் போட்ட காணிக்கையெல்லாம் அது வழியாத்தான் வெளிய போயிருக்கு" என்பார்.

விளிம்புக்கட்டை வேறொன்றுமில்லை. நிலவறையின் கல்சுவர் முடிந்து மரவீடு தொடங்கும் இடத்தில், அரைஞாண் மாதிரி வீட்டைச் சுற்றி ஓடுகிற கட்டை. தரையைத் தாங்கும் உத்தரங்கள் வந்து அதில் முட்டும். இரண்டு உத்தரத்துக்கு நடுவில் ஒரு பொந்து. கல்லும் கட்டையும் என்றைக்கு ஒட்டி உறவாடின? அந்த இடுக்கு வழியாக ஏரிக்காற்று ஊசி ஊசியாக உள்ளே வரும். வந்த காற்று சும்மா இராமல் வீட்டின் சூட்டை மேலே தள்ளி மச்சு வழியாக அனுப்பிவிடும். பொந்தடைப்பாருக்குக் காசியும் அங்கேதான், ராமேசுவரமும் அங்கேதான்.

டெல்மர் கிவிஸ்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷம் ஆயுள் இன்ஷூரன்ஸ் விற்றவர். யாருக்கு எப்போது என்ன ஆபத்து வரும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் தொழில். ஓய்வு பெற்ற பிறகு சொல்வதற்கு ஆள் கிடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து அவர் மனைவி ஆர்டிஸ் வாயைத் திறந்தாள்.

"பாத்திரம் கழுவுறப்ப கால் கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் எதிர்பார்த்தது ஒரு ஜோடி கம்பளிச் செருப்பு.

டெல்மர் செருப்பு வாங்கவில்லை. நிலவறைக்கு இறங்கினார். இறங்கியவர் அந்தக் குளிர்காலம் முழுக்கச் சாப்பிட மட்டும் மேலே வந்தார்.

பழைய சொந்தக்காரர் எந்தக் காலத்திலோ பொந்துகளில் திணித்து வைத்திருந்த கண்ணாடிப் பஞ்சை முதலில் உருவினார். பஞ்சு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். கரி பிடித்துக் கிடந்தது. அதை ஒரு செத்த எலியைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்து, சூப் சட்டிக்கு மேல் ஆட்டினார். "பாரு ஆர்டிஸ்! இது குளிர நிறுத்தவே இல்ல. வடிகட்டி வடிகட்டி உள்ள விட்டுருக்கு!"

"வித்தியாசமாத்தான் இருக்கு" என்றாள் ஆர்டிஸ். இந்த ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்காதீர்கள். நல்ல அர்த்தம் இல்லை.

பிறகு ஊதுபத்தி வந்தது. லூத்தரன் சபையில் வளர்ந்த மனிதர், ஞாயிற்றுக்கிழமைகூட முழங்காலை அளந்து மடக்குகிறவர், கையில் புகைகிற ஊதுபத்தியோடு நிலவறையின் மூலை மூலையாக மண்டியிட்டு நகர்ந்தார். புகை நேராகப் போனால் முகம் வாடும். வளைந்தால், அங்கே ஓர் இடுக்கு கிடைத்துவிட்ட பரவசம். "வளையுது! வளையுது!" என்று கீழேயிருந்து வந்த அலறலைக் கேட்டு மாரடைப்போ என்று ஆர்டிஸ் தடதடவென்று படியிறங்கினால், இவர் கண்ணில் நீர் ததும்ப ஒரு மூலையைக் காட்டிக்கொண்டிருந்தார். வீடெல்லாம் சந்தன வாசனை.

"கீழ என்ன பூசை நடக்குதுன்னு பக்கத்து வீட்டுல கேக்குறாங்க" என்றாள்.

"அவங்க வீட்டு வரைக்கும் வாசன போகுதா? எந்த இடுக்கு வழியா?" என்று அவர் மறுபடியும் கவிழ்ந்துகொண்டார்.

நூலகத்தில் சூடு காட்டும் காமிரா இரவல் கொடுக்கிறார்கள். அதையும் கொண்டு வந்தார். சுவரைப் படம் பிடித்தார், நாற்காலியைப் படம் பிடித்தார், கடைசியில் ஆர்டிஸைப் படம் பிடித்தார். "உன் மூக்கு வழியா நெறைய சூடு வீணாகுது."

"அது மூச்சு, டெல்மர். நிறுத்திரட்டுமா?"

இந்த ரகத்துக்கு ஒரு மந்திரம் உண்டு. "எல்லா இடுக்கையும் ஒண்ணாச் சேத்துப் பாத்தா, இத்தாம்பெரிய ஜன்னல ராத்திரி பகலா தெறந்து வெச்ச மாதிரி!" சொல்லும்போது கையால் அளவு காட்ட வேண்டும். இலையுதிர் காலத்தில் டெல்மர் காட்டிய ஜன்னல் ஒரு புத்தக அளவு இருந்தது. நன்றித் திருநாள் வான்கோழிக்கு முன்னால் சாப்பாட்டுத் தட்டு அளவானது. கிறிஸ்துமஸில் இரண்டு கையையும் முழுக்க விரித்ததில் பக்கத்தில் இருந்தவரின் காபி கொட்டியது. உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கிறவர்கள் தப்பிப்போன மீனைக் காட்டுவார்களே, அதே கைதான்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். வேலையை ஒழுங்காகவே செய்தார். ஒவ்வொரு பொந்துக்கும் அளவெடுத்து, கெட்டி நுரைப்பலகையை ஆர்டிஸின் ரொட்டிக் கத்தியால் அறுத்து, பொந்தில் பொருத்தி, நாலு ஓரத்திலும் டப்பா நுரையைப் பீய்ச்சி மூடினார். நுரை புசுபுசுவென்று பொங்கி இறுகியது. ரொட்டிக் கத்தி பாழாகியது. ஆனால் சமையலறைத் தரை வெதுவெதுப்பானது. ஜனவரியில், வெறுங்காலோடு, ஆர்டிஸ் பாத்திரம் கழுவினாள்.

நல்ல காரியத்துக்கு இந்த ஊரில் "அவ்வளவு மோசமில்ல" என்று சொன்னால் போதும். கேட்டவர் ஒரு வாரத்துக்கு மகிழ்ந்திருப்பார். ஆர்டிஸ் கால் சூடான நன்றியில் நிதானம் தவறி, "ரொம்ப நல்லாருக்கு, டெல்மர்" என்று சொல்லிவிட்டாள். கல்யாணமான நாள் முதல் கேட்டிராத சொல். பொந்தடைப்பாரைப் பாராட்டுவது குரங்குக்குக் கள் வார்ப்பது. அதற்குப் பிறகு அவரை யார் நிறுத்த முடியும்?

தபால் துவாரத்தை அடைத்தார். சாவித்துவாரத்தில் மெழுகை வைத்தார். பூனை போய்வரும் கதவை ஆணியடித்தார். பூனை பக்கத்து வீட்டுக்குக் குடிபோனது. கடைசியில் பொந்தெல்லாம் தீர்ந்து, தொழில் இல்லாத தச்சன் மாதிரி நிலவறையில் சுற்றி வந்தவர் கண்ணில் அந்தக் குழாய் பட்டது.

வீட்டைச் சூடாக்க நெருப்பெரியும் பாய்லருக்குப் பக்கத்தில் ஒரு குழாய். சுவரின் மேல்விளிம்பைத் துளைத்துக்கொண்டு வெளியிலிருந்து உள்ளே வந்து, வளைந்து இறங்கி, தரையில் வைத்த ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் வாயை வைத்திருக்கும். அதன் வழியாக எந்த நேரமும் வெளிக்குளிர் தடையில்லாமல் இறங்கும். பாய்லரைப் பொருத்தியவர் வேண்டுமென்றே வைத்தது. டெல்மர் கையை நீட்டினார். கை மரத்தது. ஊதுபத்தி அணைந்தேவிட்டது.

"அயோக்கியத்தனம்!" என்று மேலே ஓடி வந்தார். "ஆர்டிஸ், நான் ஊசிமுனை ஓட்டைய அடைச்சுட்டிருக்கேன், எவனோ என் வீட்டுக்குள்ள குளிரக் குழா போட்டுக் கொண்டாந்து விட்டுருக்கான்!"

"பாய்லர் வெச்சவர்தான வெச்சாரு? காரணம் இல்லாமலா வெப்பாரு?"

"என்ன காரணம்? வாளிய எதுக்கு வெச்சான், குளிரப் புடிச்சு வெச்சுக்கவா?"

"கேட்டுத்தான் பாரேன். ஒரு போன் பண்ணு."

"வீடு என்னுது, ஓட்டையும் என்னுது. அவன எதுக்குக் கேக்கணும்?"

பழைய போர்வை ஒன்றைச் சுருட்டிக் குழாயில் திணித்து, மேலே ஒரு டப்பா நுரையையும் பீய்ச்சி, வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து காபி குடித்தார். நெருப்புக்கும் மூச்சு வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதா? ஓட்டை வீடாக இருந்தவரை பாய்லர் எந்தெந்த இடுக்கிலோ காற்றை உறிஞ்சிக் காலம் தள்ளியது. இடுக்கெல்லாம் போய், மிஞ்சியது அந்தக் குழாய் ஒன்றுதான்; இறங்கும் குளிர் தரையில் பரவாமல் பிடித்துவைக்கத்தான் வாளி. அதுவும் போனபின் வீட்டுக்குள் காற்று வர ஒரே வழி புகைபோக்கி. மேலே போக வேண்டிய நச்சுக்காற்று, வாசனையோ நிறமோ இல்லாமல், திரும்பி வீட்டுக்குள்ளேயே இறங்கத் தொடங்கியது.

அப்படி இறங்கினால் கத்துவதற்கென்றே படுக்கையறை வாசலில் ஒரு எச்சரிக்கைப் பெட்டி இருந்தது. அதன் பாட்டரி எங்கே? டெல்மரின் கையில் புதிதாக ஒரு சூட்டுத் துப்பாக்கி முளைத்திருந்தது. சுவரைப் பார்த்துக் குதிரையை இழுத்தால் எத்தனை டிகிரி என்று காட்டும். அதற்கு அதே சதுரப் பாட்டரி வேண்டும். பனியில் கடைக்கு யார் போவது?

"அந்தப் பெட்டியில இருந்தா எடுத்த?" என்றாள் ஆர்டிஸ்.

"நாளைக்குப் போட்டுர்றேன். அது என்னத்த கிழிக்குது, இத்தன வருஷமா சும்மா தொங்குது."

சில நாளில் ஆர்டிஸுக்குத் தலைவலி வந்தது. வெளியே கடைக்குப் போனால் விட்டது, வீட்டுக்கு வந்தால் பிடித்தது. ஒரு தடவை சொன்னாள். "காபியக் கொற" என்றார் டெல்மர். அவள் காபியைக் குறைத்தாள். தலைவலி குறையவில்லை. மறுபடி சொல்லவும் இல்லை. ஒரே குறையை இரண்டாம் தடவை சொல்வது இந்த ஊரில் சண்டைக்கு இழுப்பதற்குச் சமம். இரவில் படுத்துக்கொண்டு, மூளையில் ஏதோ வந்துவிட்டது, இந்த வசந்தத்தைப் பார்க்கப்போவதில்லை என்று தனியாகப் பயந்தாள்.

பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி ஃபாரன்ஹீட் என்று ரேடியோ சொன்ன ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் வீட்டுக்குள் முடங்க, டெல்மருக்கு மட்டும் திருவிழா. தன் வீட்டின் வெதுவெதுப்பைக் காட்ட இதைவிட நல்ல நாள் வருமா? ஆர்டிஸின் தங்கை லவோனையும் அவள் கணவன் கர்ட்டையும் காபிக்கு வரச்சொன்னார். லவோன் பேரீச்சம்பழ பார் என்கிற துண்டுப் பலகாரம் செய்து, தகரத் தட்டோடு கொண்டுவந்தாள். தட்டின் அடியில் ஒட்டுத்தாளில் அவள் பெயர். பாய்லர் விடாமல் ஓடியது. கீழே துணி உலர்த்தும் மெஷின் சுற்றியது, சமையலறையில் புகைவிசிறி வேறு. எல்லாமாகச் சேர்ந்து வீட்டிலிருந்த காற்றை வெளியே இழுத்தன.

டெல்மர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சூட்டுத் துப்பாக்கியால் சுவர் சுவராகச் சுட்டார். "கர்ட், கீழ்விளிம்பப் பாரு. அறுபத்தெட்டு! ஏரிப் பக்கச் சுவரு!"

"அவ்வளவு மோசமில்ல" என்றான் கர்ட், நெற்றியைத் தேய்த்துக்கொண்டு.

"இன்னொரு பார் எடுத்துக்க, கர்ட்" என்றாள் ஆர்டிஸ்.

"வேணாம் வேணாம், ரொம்ப சாப்ட்டுட்டேன்." அவனுக்குக் குமட்டியது. சொல்லவில்லை. லவோனுக்குக் கண்ணுக்குப் பின்னால் சுத்தியல் அடித்தது. சொல்லவில்லை. ஆர்டிஸுக்கு அறை மெல்லச் சுற்றியது. விருந்தாளிகள் இருக்கும்போது அறை சுற்றுகிறது என்று எந்த வீட்டுக்காரி சொல்வாள்? ஒரு மேசையைச் சுற்றி நான்கு தலைகள், நான்கிலும் ஒரே வலி, எல்லோர் முகத்திலும் புன்னகை. தட்டில் மிஞ்சிய கடைசிப் பாரை ஆளுக்குக் கொஞ்சமாகப் பாதி பாதியாக வெட்டி மரியாதை செய்துகொண்டிருந்தார்கள்.

மற்ற காலமாக இருந்தால் இது வாசலில் வெளியே வந்திருக்கும். இங்கே மேசையில் பேசுவது சும்மா, உண்மையெல்லாம் கிளம்பும்போதுதான். தொடையைத் தட்டி "சரி, அப்ப..." என்று எழுந்து, கோட்டை மாட்டி, கதவைத் திறந்து, திறந்த கதவில் சாய்ந்துகொண்டு அரை மணி நேரம் நிற்பார்கள். யாருக்குப் புற்றுநோய், யார் மகன் விவாகரத்து, யாருக்கு முதுகில் வலி, எல்லாம் அந்த அரை மணியில்தான் சொல்லப்படும். அக்காவுக்கு ஆபரேஷன் என்று லவோனுக்குத் தெரிந்தது அப்படித்தான். லவோனுக்கு வேலை போனது ஆர்டிஸுக்குத் தெரிந்ததும் அப்படித்தான்.

அந்த வழக்கத்தையும் டெல்மர் அடைத்துவிட்டார். புதுச் சட்டம்: விடைபெறுவதெல்லாம் மேசையிலேயே. கோட்டு, தொப்பி, கையுறை எல்லாம் மாட்டி முடித்த பிறகு கதவு திறக்கும். ஃபிரிட்ஜிலிருந்து பால் எடுப்பதுபோல டக்கென்று போக வேண்டும்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்னு..." என்று லவோன் வாசலில் திரும்பினாள்.

"கதவு!" என்றார் டெல்மர். கதவு மூடிக்கொண்டது.

ஆர்டிஸுக்கு அழுகை வந்தது. சொந்தத் தங்கையை நாயை விரட்டுவதுபோல விரட்டியாகிவிட்டது. எழுந்து போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். கால் வரவில்லை. கொஞ்சம் தலையைச் சாய்த்துவிட்டுப் போகலாம் என்று மேசையில் நெற்றியை வைத்தாள். எதிர் நாற்காலியில் டெல்மர், "பாத்தியா, கதவ தெறந்தும் ஒரு டிகிரிகூட..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் கண்ணை மூடினார்.

காரில் நடந்ததை லவோன் பிறகு சொன்னாள். மலையிறக்கத்தில் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கியதும் கர்ட் பெருமூச்சு விட்டான். "இப்பத்தான் தல விட்டுச்சு. அங்க மண்டைய பொளந்துச்சு."

"உனக்குமா? ஏன்ப்பா சொல்லல?"

"அடுத்தவங்க வீட்டுல ஒக்காந்துட்டு எப்படிச் சொல்றது? நீ ஏன் சொல்லல?"

மேசையில் அக்கா நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தது லவோனின் நினைவுக்கு வந்தது. "வண்டியத் திருப்பு" என்றாள். "உங்க வீட்டுல இருந்தா தல வலிக்குதுன்னு போய் நிப்பியா?" என்றான் கர்ட். நிற்க முடியாதுதான். வீட்டுக்காரரை அவமதிப்பதாகாதா? லவோன் யோசித்தாள். "தட்ட விட்டுட்டேன்னு சொல்றேன்."

தட்டை எடுக்க வந்தவள் மணி அடித்தாள். யாரும் வரவில்லை. கதவைத் தள்ளினாள். மேசையில் அக்கா கிடந்த கோலத்தைப் பார்த்ததும், பிறந்தது முதல் சேர்த்து வைத்த மரியாதை எல்லாம் ஒரே நொடியில் போனது. "கர்ட்! ஓடியா! அடேய் டெல்மர், எந்திரிடா பாவி!" என்று ஊரே கேட்கக் கத்தினாள். ஆர்டிஸின் அக்குளில் கை கொடுத்து இழுத்துக்கொண்டு போய்ப் பனியில் உட்காரவைத்தாள். டெல்மரைக் கர்ட் காலைப் பிடித்து இழுத்தான்.

தீயணைப்பு வண்டி வந்தது. கதவுகள், ஜன்னல்கள், ஆணியடித்த பூனைக்கதவு வரை எல்லாவற்றையும் அகலத் திறந்துவிட்டார்கள். ஒரு குளிர்காலம் முழுக்க ஊசி ஊசியாகச் சேமித்த சூடு, ஒரே மூச்சில் ஏரிக்குப் போனது. இரண்டு கையையும் விரித்துக் காட்டுவாரே, அதைவிடப் பெரிய ஜன்னல். ஆம்புலன்ஸில் ஆக்ஸிஜன் முகமூடி மாட்டிய டெல்மர் கண் விழித்தார். கையை அசைத்தார். கடைசி ஆசை சொல்கிறாரோ என்று எல்லோரும் குனிந்தார்கள்.

"கதவ மூடச் சொல்லு" என்றார்.

பக்கத்துப் படுக்கையில் இருந்த ஆர்டிஸ் தன் முகமூடியைத் தூக்கினாள். உதடு இன்னும் வெளுத்துக் கிடந்தது. "டெல்மர், எனக்குத் தல வலிக்குது. ரொம்ப நாளா வலிக்குது. நான் சாகப்போறேன்னு நெனச்சு தெனம் ராத்திரி பயந்துட்டுக் கெடந்தேன்."

"என்கிட்ட ஏன்..." என்று தொடங்கியவர், காபி என்று தான் சொன்னது நினைவுக்கு வந்து நிறுத்தினார். முப்பது வருஷம் அடுத்தவர் சாவுக்குத் தவணை கட்ட வைத்த மனிதருக்குத் தன் வீட்டுச் சாவு அப்போதுதான் கண்ணில் பட்டது. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நிஜமாகவே அழுதார். அதில் கேலி இல்லை.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் இந்த ரகம் உங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. பனி உருகுவதற்குள் டெல்மர் தெருவில் வீடு வீடாக நிலவறைக்கு இறங்கிக் குழாயையும் வாளியையும் தேடத் தொடங்கிவிட்டார். "வீடு மூச்சு விடணும்யா! அடைக்கிறதுக்கு முன்னாடி கேட்டு அடைக்கணும். நான் அப்பவே சொன்னேன்" என்கிறார். யாரிடம் சொன்னார்? வாளியிடம்தான். குழாய் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று கையால் காட்டுகிறார். அதுவும் ஒவ்வொரு வீட்டிலும் வளர்கிறது.

ஆர்டிஸ் சண்டை போடவில்லை. எச்சரிக்கைப் பெட்டிக்குப் பாட்டரியைத் தானே வாங்கிப் போட்டாள். அப்புறம், லவோன் வரும் ஒவ்வொரு ஞாயிறும், கிளம்பும்போது வாசற்கதவை அகலத் திறந்து வைத்துக்கொள்கிறாள். அக்காவும் தங்கையும் நிலையில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துகொண்டு, ஊரில் உள்ள வலிகளையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லி முடிக்கிறார்கள். உள்ளே இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டெல்மர் நிற்கிறார். வாய் "க" என்று திறக்கிறது. ஆர்டிஸ் திரும்பிப் பார்க்கிறாள். வாய் மூடிக்கொள்கிறது.

சிரித்தீர்கள் அல்லவா? நல்லது. உங்கள் ஊரில் பனி இல்லை, பாய்லர் இல்லை, விளிம்புக்கட்டை என்ற சொல்லையே இன்றுதான் கேள்விப்பட்டீர்கள். இருக்கட்டும். உங்கள் டி.வி. ரிமோட்டில் இருக்கும் பாட்டரியை எந்தச் சாமானிலிருந்து கழற்றினீர்கள் என்று மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். பிறகு எழுந்து உள்ளே போய், "உனக்குத் தலை வலிக்கிறதா?" என்று கேளுங்கள். "ஒண்ணுமில்லை" என்று பதில் வந்தால், தயவுசெய்து முதலில் கதவைத் திறந்துவிட்டு, இன்னொரு தடவை கேளுங்கள்.